வானத்தில் விரியும் நிழல் விசிறி!

குட்டீஸ், சூரியன் உதிக்கும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்திருக்கிறீர்களா? சில நாட்களில் வெளிச்சக் கோடுகளும் கருநீலக் கோடுகளும் மாறி மாறி, விசிறி போல மேலே விரியும். அந்தக் கருநீலக் கோடுகள் என்ன தெரியுமா? மேகங்களின் நிழல்கள்!

நிழல் தரையில்தானே விழும் என்கிறீர்களா? ஜன்னல் இடுக்கு வழியாக வரும் வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வானத்திலும் அப்படித்தான். காற்றில் மிதக்கும் தூசி, நீர்த்துளிகள் மீது வெயில் பட்டால் அந்த இடம் பளிச்சிடும். பெரிய மேகம் குறுக்கே நின்றால், அதன் பின்னால் உள்ள பாதை இருண்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கோடுகள் உண்மையில் விரிவதே இல்லை! சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் நம்மிடம் ஏறக்குறைய இணையாகவே வருகின்றன. தண்டவாளத்தின் நடுவே எடுத்த படத்தைப் பாருங்கள். இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும். இதுவும் அதே கண்மயக்குதான். 2011 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, இந்தியாவின் மேல் ஒரு மாலை நேரத்தில் எடுத்த படத்தில், மேக நிழல்கள் இணைகோடுகளாக நீண்டு கிடக்கின்றன.

நிழல் மேல் நோக்கியும் விழும்! அமெரிக்காவில் ரெய்னியர் என்ற மலை இருக்கிறது. உயரம் 4,392 மீட்டர். சில அதிகாலைகளில் சூரிய ஒளி கீழிருந்து வந்து மேகங்களின் அடிப்பக்கத்தில் படும். அப்போது மலையின் நிழல் மேகத்தில் விழும்.

சரி, சிவப்பு நிறம் எப்படி வருகிறது? சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது, அதன் ஒளி உச்சி வெயிலை விட 30 மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீலம் சிதறிப் போய்விடும். மிச்சமிருக்கும் சிவப்பும் ஆரஞ்சும் மேகத்துக்கு வண்ணம் பூசுகின்றன. மிக உயரத்தில் இருக்கும் மேகத்துக்குத்தான் முதல் வண்ணம்!

நாளைக் காலை சீக்கிரம் எழுந்து பாருங்கள். கிழக்கே விசிறி விரிந்திருந்தால், உடனே மேற்கே திரும்புங்கள். உங்கள் தலைக்கு மேல் கடந்து போன நிழல்கள், அங்கே மீண்டும் ஒன்று சேர்வது போலத் தெரியலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் கெட்டுவிடும்!