ஊருக்கு வருபவர்களும் ஊரில் வாழ்பவர்களும்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. அடுத்து வந்த திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் அந்தச் செய்தியை நான்தான் வாசித்தேன். பாரிசில் நடந்த கூட்டத்தில் 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் தேர்வாயின, அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, அந்த மாநிலத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி மட்டும்தான் என்று சொன்னதும் பிள்ளைகள் தட்டிய கைத்தட்டல் அடங்கச் சற்று நேரமானது.

மதிய உணவு இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசை அருகில் வந்து நின்றாள். அவள் வீடு கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய பாட்டி கோட்டை வாசலருகே மோர் விற்பார்.

"மிஸ், இனிமே நிறைய பேரு வருவாங்களா?"

"வருவாங்கம்மா. நமக்குப் பெருமைதானே?"

"அப்போ எங்க வீட்ட இடிச்சிடுவாங்களா மிஸ்? பக்கத்து வீட்டு மாமா அப்படித்தான் சொல்றாரு."

சமூக அறிவியல் ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று தொடங்கிய தேடலில் நான் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாரம்பரியச் சின்னமோ, கோயிலோ, மலையோ, கடற்கரையோ உள்ள எந்த ஊரில் நீங்கள் பணியாற்றினாலும் இது உங்களுக்கும் பயன்படும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி

ஏழாம் வகுப்பில் 'சுற்றுலா' என்றொரு பாடம் இருக்கிறது. சுற்றுலாவால் வேலைவாய்ப்பு பெருகும், அந்நியச் செலாவணி கிடைக்கும், பண்பாடு பரவும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அவை உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் முழுவதும் வருபவரின் பக்கத்திலிருந்தும் வணிகரின் பக்கத்திலிருந்தும் பார்த்தது. அங்கே வாழ்பவரின் பக்கத்திலிருந்து நான் பாடம் நடத்தியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். வேன் நகரவே இல்லை. வழியில் ஒரு நிறுத்தத்தில் கூடையுடன் காத்திருந்த அம்மாவிடம் ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்தேன். "நீங்கல்லாம் வந்தா எங்க ஊருல எங்களுக்கு பஸ்ஸே வராதும்மா" என்றார். கோபமில்லாமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். நெரிசலில் மாட்டிக்கொண்டதாக அதுவரை நினைத்திருந்தேன். அந்த நெரிசலே நாங்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அளவுக்கு மீறிய சுற்றுலா என்பதை எளிதாக இப்படி விளக்கலாம்: ஓர் இடத்துக்கு வருபவர்களால் அங்கே வாழ்பவர்களின் தண்ணீர், சாலை, வீட்டு வாடகை, தூக்கம், தொழில் ஆகியவை பாதிக்கப்படத் தொடங்கும் நிலை. எத்தனை பேர் வந்தால் அந்த நிலை என்று எல்லா ஊருக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது. அகலமான கடற்கரை தாங்கும் கூட்டத்தைக் குறுகலான மலைப்படி தாங்காது. இதைத்தான் 'தாங்குதிறன்' என்கிறோம்.

சராசரி மறைக்கும் உண்மை

தாங்குதிறனைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு கணக்கு போட்டேன். எண்கள் கற்பனைதான்.

ஒரு கோட்டைக்கு ஆண்டுக்கு 3,65,000 பேர் வருகிறார்கள். நாளுக்கு எத்தனை பேர்? "ஆயிரம்!" என்று வகுப்பே கத்தியது. தாங்குமா? "தாங்கும் மிஸ்."

சரி, அதில் பாதிப் பேர் 50 விடுமுறை நாட்களில் மட்டும் வருகிறார்கள் என்றால்? 1,82,500 ஐ 50 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 3,650 பேர். மீதி 315 நாட்களுக்கு நாளொன்றுக்கு 579 பேர்தான். அந்த 3,650 பேரும் வெயிலுக்குப் பயந்து காலை 3 மணி நேரத்துக்குள் ஏறினால் மணிக்கு 1,200 பேருக்கு மேல். ஆண்டுச் சராசரியில் அமைதியாகத் தெரிந்த கோட்டை, ஒரு ஞாயிறு காலையில் மூச்சுத் திணறுகிறது. ஊருக்கு வலிப்பது சராசரியால் அல்ல, உச்சத்தால்.

செஞ்சி மக்களுக்கு இது புதிதல்ல. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று மாதம் இருமுறை நம் சாலைகள் நிரம்புகின்றன. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டைகளோடு வரும் வண்டிகளும் இதே சாலைகளில்தான் நிற்கின்றன. இவற்றோடு கோட்டைக்கு வரும் கூட்டமும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆம்புலன்ஸ் போகாது மிஸ்" என்றான் ஒரு மாணவன். பாடநூலில் இல்லாத விடை, ஆனால் சரியான விடை.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. ஒரு நாளைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும், அரசுப் பேருந்து, ரயிலில் வருபவர்களுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. மனிதர்களைத் தடுக்காமல் வாகனங்களை எண்ணியதும், வாழ்பவர்களுக்கு விலக்கு அளித்ததும் இதில் கவனிக்க வேண்டியவை. அதே நேரத்தில், வருமானம் குறையும் என்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தியதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் ஒருவருக்கு நிம்மதி தரும் விதி இன்னொருவருக்கு இழப்பாக இருக்கலாம்.

இத்தாலியின் வெனிஸ் நகரத்தின் கதை வேறு. அதன் பழைய தீவு நகரத்தில் 1951 இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 இல் அது 50,000 க்கும் கீழே போனது. வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறின. மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருள் கடை வந்தது. வாடகை கட்ட முடியாதவர்கள் வெளியேறினார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து மாலையில் திரும்புபவர்களிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். நகரவாசிகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணத்தால் மட்டும் கூட்டம் குறையாது என்ற விமர்சனமும் அங்கேயே எழுந்தது. ஸ்பெயினின் பார்சிலோனா நகரமோ, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சுமார் 10,000 அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்துள்ளது.

என் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் இருப்பது ஹம்பி. கர்நாடகத்திலுள்ள ஹம்பி 1986 இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே உள்ள கடைவீதியின் பழைய கல் மண்டபங்களில் பல குடும்பங்கள் வீடும் கடையுமாக வாழ்ந்துவந்தன. 2011 ஜூலையில் குறுகிய அவகாசத்தில் அவர்கள் அகற்றப்பட்டார்கள். சின்னத்தைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அங்கே வாழ்பவர்களோடு பேசி, மாற்றிடம் தந்து, அதன் பிறகு செய்வது ஒரு வழி. முதலில் இடித்துவிட்டுப் பிறகு பேசுவது இன்னொரு வழி.

வெனிஸில் வாழ்பவர்களை வெளியேற்றியது கூட்டம். ஹம்பியில் அதைச் செய்தது பாதுகாப்பு நடவடிக்கை. இரண்டிலும் வாழ்பவர்களைக் கணக்கில் கொண்டது கடைசியாகத்தான்.

அவளுக்குச் சொன்ன விடை

தேடிப் படித்த பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நம்மைக் கட்டுப்படுத்துவது நம் நாட்டின் தொல்லியல் சட்டம். 2010 இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் முறைப்படி அனுமதி கேட்க வேண்டும். இந்த விதி பட்டியலில் சேர்வதற்கு முன்பே நடைமுறையில் இருக்கிறது.

"அப்போ பயமில்லையா மிஸ்?" என்றாள். பயப்படாதே என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "வீட்டுக்குப் பட்டா இருக்கான்னு அப்பாவக் கேளு. இருந்தா பத்திரமா வைக்கச் சொல்லு. இல்லைன்னா வட்டாட்சியர் அலுவலகத்துல இப்பவே விசாரிக்கச் சொல்லு" என்றேன். ஆவணம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் சட்டம் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

"பாட்டி மோர் விக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும். அதுவரை அவர்களை அகற்றக் கூடாது. இதற்கான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் கோட்டை வளாகத்துக்குள்ளும் அதன் எல்லையிலும் தொல்லியல் துறையின் விதிகள் தனி. எனவே பாட்டி உட்காரும் இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறது, கணக்கெடுப்பில் அவர் பெயர் இருக்கிறதா என்று பேரூராட்சியில் கேட்பதுதான் முதல் வேலை. அவளிடம் இரண்டு வரிகளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

வகுப்பில் செய்து பார்க்க

இந்தப் பாடத்தை நாங்கள் மூன்று வேலைகளாகப் பிரித்துக்கொண்டோம். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது, எண்ணுதல். பெற்றோர் துணையோடு, சாலையிலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, ஒரு சாதாரண நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் 15 நிமிடம் வாகனங்களை எண்ணி வகைப்படுத்துதல். சராசரி, உச்சம், சதவீதம் எல்லாம் இதிலிருந்தே நடத்தலாம். கணித ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, கேட்டல். வீட்டிலும் தெருவிலும் ஐந்து பேரிடம் இரண்டே கேள்விகள்: கூட்டம் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? ஆட்டோ ஓட்டுபவரின் விடையும் குடிநீருக்காகக் குடத்தோடு காத்திருப்பவரின் விடையும் வேறுவேறாக இருக்கும். இரண்டையும் அருகருகே எழுதிவைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மூன்றாவது, சொல்லுதல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. பிள்ளைகள் திரட்டியதைப் பெற்றோர் அங்கே மனுவாகக் கொடுக்கலாம். வாகன நிறுத்தம் எங்கே, கழிப்பறை எத்தனை, குப்பையை யார் அள்ளுவது, நெரிசல் நாளில் ஆம்புலன்சுக்கு எந்த வழி என்று தெளிவாகக் கேட்டால் தெளிவான பதில் வர வாய்ப்புண்டு.

பள்ளிச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. செஞ்சிக்கு வாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும், கல்யாண மகாலையும், களஞ்சியத்தையும், அத்தனை உயரத்திலும் தண்ணீர் தேக்கிய சுனைகளையும் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். சிவாஜி 1677 இல் பிடித்த கோட்டை இது. முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698 இல்தான் கைப்பற்ற முடிந்த கோட்டை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வார நாளில் வாருங்கள். அமாவாசை, பௌர்ணமி பார்த்துத் தேதி குறியுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க விடாதீர்கள். கொண்டுவரும் நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டு செல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது ஊருக்குள் வாங்குங்கள். குப்பை மட்டும் எங்களுக்கு, காசு நெடுஞ்சாலை உணவகத்துக்கு என்றால் அது என்ன விருந்து?

செஞ்சி இன்னும் ஊட்டி ஆகிவிடவில்லை. வார நாள் மாலையில் கோட்டை அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர் குரல் இப்போதும் கேட்கிறது. கூட்டம் வந்த பிறகு விதி போடுவது கடினம், வருவதற்கு முன் எண்ணிப் பழகுவது எளிது. நமக்கு இப்போது இருப்பது அந்த அவகாசம்தான்.

போன வாரம் அந்த மாணவி ஒரு நெகிழி உறைக்குள் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். தாத்தா பெயரில் உள்ள பட்டாவின் நகல். "அப்பா பெயருக்கு மாத்த எழுதிக் குடுத்திருக்கோம் மிஸ்" என்றாள். பாட்டியின் விண்ணப்பத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.