கோல் கம்பத்துக்குப் பின்னால் – 9: வெள்ளவத்தைக்கு வந்து போகிற பிள்ளைகள்

2025 ஜூன் 10 அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இலங்கை அணி சீன தாய்பேயை 3–1 என்று வென்றது. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் இறுதிச் சுற்று ஆட்டம் அது. அந்த வெற்றிக்குப் பிறகு வட கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு பேச்சு, தெற்கே வெள்ளவத்தையில் இன்னொரு பேச்சு. "எங்கட பொடியன்மார் எத்தன பேர் விளையாடுனாங்க?" என்று கொட்டாஞ்சேனையில் கேட்டார்கள். "அந்த ஜேர்மன் பெடியன் ஆற்றை மகன்?" என்று வெள்ளவத்தையில் விசாரித்தார்கள்.

இரண்டும் நியாயமான விசாரணைதான். இலங்கையின் உதைபந்தாட்டக் குழாத்தை இனி யாரைக் கொண்டு கட்டுவது என்பதே இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. சென்ற வாரம் 1995 தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பலர், அந்த அணியில் எல்லோரும் இங்கேயே ஆடி வளர்ந்தவர்கள், இன்றைக்கு மட்டும் ஏன் வெளிநாட்டில் பிறந்தவர்களைத் தேடிப் போகிறோம் என்று கேட்டிருந்தார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடிப் போகத்தான் வேண்டும். போகாமல் இருந்திருந்தால் இன்றைக்குப் பேசுவதற்கு ஓர் அணியே மிஞ்சியிராது. ஆனால் தேடிப் பிடித்தவர்களை வைத்துக்கொண்டு இங்குள்ள லீக்கை மறந்துவிடலாம் என்று உதைபந்தாட்டச் சம்மேளனம் நினைக்குமானால், கட்டியது அத்தனையும் ஐந்தாறு வருடத்தில் இடிந்துவிடும்.

எங்கிருந்து விழுந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1995இல் தங்கக் கிண்ண இறுதி ஆட்டத்தில் சுகததாச அரங்கில் இந்தியாவை மேலதிக நேரத்தில் அடித்த ஒரே கோலால் வென்றோம். 1998 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 122ஆம் இடத்தில் நின்றோம். 2006இல் பங்களாதேஷில் நடந்த ஏஎஃப்சி சவால் கிண்ணத்தில் இறுதி ஆட்டம் வரை போனோம். பிறகு சரிவு. 2019 ஒக்டோபரில் தென் கொரியாவிடம் 8–0. தரவரிசை 200ஐயும் தாண்டிக் கீழே போனது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா எங்களை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. ஒரு தலைமுறை வீரர்களின் நல்ல வயது இந்த இழுபறியில் போனது. அதை யாரும் திருப்பித் தர முடியாது.

அந்தச் சரிவின் நடுவிலேயே, திரும்பி ஏறத் தொடங்கியதன் முதல் அடையாளம் என்று நான் எடுத்துக்கொள்வது ஒரு தோல்வியை. 2021 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் லெபனானிடம் 3–2 என்று தோற்றோம். எங்கள் இரண்டு கோலையும் அடித்தவர் வசீம் ராசீக், பேர்லினில் பிறந்தவர். பந்து காலுக்கு வந்ததும் அவர் பதறவில்லை. பின்கள வீரர் நெருங்கும்போது உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தைக் காப்பது, அடிப்பதற்கு முன்பே கோல் காப்பாளரின் நிலையைப் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி வந்தன. அன்றைக்குத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்த எவருக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த டிலன் டி சில்வா. ஜேர்மனியிலிருந்து ஜேசன் தயாபரன். சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன். அவுஸ்திரேலியாவிலிருந்து வேட் டெக்கர், ஒலிவர் கெலார்ட். எல்லோரிலும் பெரிய பெயர் டைனமோ டிரெஸ்டன் கழகத்தின் பின்கள வீரர் குளோடியோ கமர்க்னெஹ்ட். 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்றோம். 2025 மார்ச்சில் தாய்லாந்துக்குப் போய் ஒரே ஒரு கோலால் மட்டுமே தோற்றோம். குழுவில் முதலாவதாக வரும் அணிக்குத்தான் ஆசியக் கிண்ணத்தில் இடம். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கொரியாவிடம் எட்டு வாங்கிய அணி இதுவல்ல.

"இரத்தத்தில் இருக்கிறது", "வெளிநாட்டுச் சாப்பாடு" என்றெல்லாம் காரணம் சொல்பவர்கள் உண்டு. நான் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். ஜேர்மனியின் மூன்றாம் பிரிவு லீக்கில் 20 கழகங்கள். ஒரு கழகம் ஒரு பருவத்தில் 38 லீக் ஆட்டம் ஆடுகிறது. டிரெஸ்டன் 2025இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறும் வரை கமர்க்னெஹ்ட் ஆடியது அந்த லீக்கில். இங்கே 2021இல் பெரிய எதிர்பார்ப்போடு சூப்பர் லீக்கைத் தொடங்கினோம், பத்துக் கழகங்களுடன். பத்துக் கழகங்கள் ஒரு சுற்று மோதினால் ஒருவருக்குக் கிடைப்பது 9 ஆட்டம். இரு சுற்று என்றாலும் 18. அதுவும் ஒழுங்காகத் தொடரவில்லை. பத்தொன்பது வயதில் ஒருவன் வருடத்துக்கு முப்பத்தெட்டுத் தடவை வென்றே ஆகவேண்டிய ஆட்டத்தில் இறங்குகிறான்; அதே வயதில் இன்னொருவன் ஒன்பது தடவை இறங்கிவிட்டு, மீதி மாதங்களில் மாலைப் பயிற்சிக்கும் ஐவர் ஆட்டத்துக்கும் போகிறான். ஐந்து வருடம் கழித்து இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, இவன் ஏன் அவனைப் போல ஆடவில்லை என்று கேட்பது அநியாயம்.

கொட்டாஞ்சேனைக்காரரின் கோபம் எனக்கு இங்கேதான் புரிகிறது. வட கொழும்பில் உதைபந்து என்பது பொழுதுபோக்காக வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல. புனித பெனடிக்ட் கல்லூரியின் பாடசாலை அணி, ரட்ணம் விளையாட்டுக் கழகம் என்று அந்த வட்டாரத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு. ரட்ணம் கழகம் நாட்டின் லீக் கிண்ணத்தை வென்று ஆசியாவின் ஏஎஃப்சி தலைவர் கிண்ணம் வரை போன கழகம். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பேகர்களும் ஒரே சீருடையில் ஆடிய தெருக்கள் அவை. பணம் இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் தேசிய அணிக்கு ஆள் தந்த இடத்தில், இன்று பதினேழு வயதுப் பையன் தேசியக் குழாத்தின் பட்டியலைப் பார்த்து, "எனக்கு எங்கே இடம்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் இருக்கிறது. எங்கள் நாட்டில் உதைபந்து வீரனுக்கு மாதச் சம்பளம் தருபவை பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள். கல்லூரி முடித்த கையோடு திறமையான பையன்கள் அங்கே போவதில் தவறில்லை; அது ஒரு தொழில், ஓய்வூதியம் உள்ள தொழில். ஆனால் மன்னார் பள்ளிமுனையிலிருந்தோ இளவாலையிலிருந்தோ வரும் தமிழ்ப் பையனுக்கு அந்த வாசலில் நுழைவது எளிதல்ல. அவன் வீட்டில் அதற்குச் சம்மதம் கிடைப்பதும் எளிதல்ல. அவனுக்கு இருப்பது சிவில் கழகங்கள் மட்டுமே. அவை தளர்ந்தால் முதலில் காணாமல் போவது வடக்கின் வீரன். மன்னார் எங்களுக்கு எடிசன் ஃபிகுராடோவைத் தந்தது. மாலைதீவுக் கழகமொன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022இல், அங்கேயே இறந்துபோன டக்சன் பியூஸ்லஸைத் தந்தது. சுஜான் பெரேராவும் நெடுங்காலம் மாலைதீவில்தான் கோல் காத்தார். எங்கள் நல்ல வீரர்கள் வாழ்வதற்குக் கடல் கடந்து போகிறார்கள். நாங்கள் கடல் கடந்து வீரர்களைத் தேடுகிறோம்.

ஒரு ரசிகனாக, குழாம் தேர்வில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வெளிநாட்டில் வளர்ந்த வீரனைக் கூப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அவன் கழகத்தின் பெயரை அல்ல. சென்ற பருவத்தில் எத்தனை ஆட்டத்தில் தொடக்கம் முதல் இறங்கினான் என்பதை. பெரிய கழகத்தின் வாங்கில் உட்கார்ந்திருப்பவனைவிட நான்காம் பிரிவில் கிழமைக்குக் கிழமை ஆடுபவன் மேல். வயது அடுத்தது. முப்பதைத் தாண்டியவர் இரண்டு தகுதிகாண் போட்டிக்கு உதவுவார். இருபதில் வருபவர் பத்து வருடத்துக்கு அணியில் இருப்பார். இப்போதே இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் அணியையும் அதற்குக் கீழே உள்ள அணிகளையும் இப்படிச் சேர்த்துக் கட்டினால், கொட்டாஞ்சேனைப் பையனும் சூரிச் பையனும் மூத்தோர் அணியில் முதன்முதலாகச் சந்திக்கத் தேவையில்லை. மூன்றாவது, எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று முதலில் தீர்மானிப்பது. கோல் காப்பில் சுஜானுக்குப் பிறகு யார்? பெட்டிக்குள் நின்று வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு கோல் அடிக்கும் ஒரு முன்கள வீரர் எங்கே? கடவுச்சீட்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவரைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்புவது தேர்வாகாது. ஆட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பு விமானத்தில் வந்திறங்கிப் பயிற்சி எடுக்கும் அணிக்குத் தெளிவான இடங்கள் இன்னும் அவசியம். பெத்தகானையிலுள்ள சம்மேளனத்தின் மைதானத்தில் உள்ளூர்க் குழாம் வருடம் முழுவதும் ஒரே ஆட்டமுறையைப் பழகினால், வருகிறவர் அதற்குள் வந்து பொருந்துவார்.

இனி வெள்ளவத்தை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெரின் டிரைவ் பக்கம் மாலையில் நடந்தால் பிரெஞ்சும் ஜேர்மனும் பேசும் தமிழ்ப் பிள்ளைகளைக் காணலாம். அம்மம்மா வீட்டுக்கு, சித்தி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவர்கள். மணலில் அவர்கள் பந்தைத் தட்டும் விதத்திலேயே பயிற்சி பெற்ற கால் எது என்று தெரிந்துவிடும். இவர்களில் எவரேனும் இலங்கைச் சீருடையை அணிய வேண்டுமா என்ற கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. அவர்களுடைய பெற்றோர் 1983க்குப் பிறகு எப்படிப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தமிழீழ அணி என்ற பெயரில் 2014இல் சுவீடனில் நடந்த, ஃபிஃபாவில் சேராத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கிண்ணத்தில் ஆடியவர்களும் இவர்களைப் போன்ற பிள்ளைகள்தான். ஆடு என்றோ ஆடாதே என்றோ அவர்களுக்குச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆடத் தீர்மானித்து வருபவனை "வெள்ளைக்காரன்" என்று கொழும்பிலும் "துரோகி" என்று வெளியிலும் அழைக்காமல் இருப்பது எங்கள் கடமை. அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் அறிவிப்பாளரை வைப்பது சம்மேளனத்தின் கடமை.

தீர்மானித்த பிறகும் கடதாசி வேலை இருக்கிறது. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இலங்கையில் பிறந்திருந்தால் ஃபிஃபா விதி வழிவிடுகிறது. ஆனால் அதற்கு முன் அவன் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபோது தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்தால், அந்தப் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து வம்சாவளிப் பிரஜாவுரிமை பெறலாம். அதற்கு முன்பே பெற்றோர் வேறு நாட்டுப் பிரஜையாகியிருந்தால் இரட்டைப் பிரஜாவுரிமை வழியாகப் போக வேண்டும்; அது நீண்ட பாதை. ஆனாலும் எங்களுக்கு அந்தப் பாதையாவது இருக்கிறது. இந்தியாவில் இரட்டைப் பிரஜாவுரிமையே இல்லை; அவுஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் அந்த நாட்டுப் பிரஜாவுரிமையைக் கைவிட்டுத்தான் இந்திய அணிக்கு வர முடிந்தது. பங்களாதேஷ் எங்களைப் போலவே கதவைத் திறந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் கழகத்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு எதிராக முதன்முதலாக இறங்கினார்; அதன் பிறகு டாக்காவில் மைதானம் நிரம்புகிறது.

எச்சரிக்கை மலேசியாவிலிருந்து வருகிறது. 2025 ஜூனில் வியட்நாமை 4–0 என்று வென்று கொண்டாடினார்கள். செப்டம்பரில் ஏழு வீரர்களின் பாட்டன் பாட்டி பிறப்புப் பத்திரங்கள் போலி என்று கண்டு ஃபிஃபா அவர்களைத் தடைசெய்தது. அவசரமாகக் கட்டும் எந்தச் சம்மேளனத்துக்கும் வரக்கூடிய ஆசை அது. இங்கே ஒரு பத்திரம்கூட அப்படி வரக்கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பேரிடம். சம்மேளனமே, இரண்டு சுற்று லீக்கை வருடந்தோறும், ஒரே மாதத்தில் தொடங்கி ஒரே மாதத்தில் முடியும்படி நடத்துங்கள். ரட்ணம் போன்ற சிவில் கழகங்களின் வீரர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை விதியாக்குங்கள். வாசகர்களே, வெளிநாட்டில் உங்கள் மருமகனோ பெறாமகளோ ஒரு கழகத்தில் பந்து விளையாடினால் (பெண்கள் அணிக்கும் ஆள் தேவை), அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டுக்காக ஆட விருப்பம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், பதினெட்டு வயது வரை காத்திராமல் தூதரகத்தில் பிறப்பைப் பதியும் வேலையை இந்த வருடமே தொடங்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மன்னாரின் மைதானங்கள்)