நான்கு பழிச்சொற்கள் சுமந்த நகரம்
வேலூரில் இரண்டு நாள். நெல்லிவாசல்நாடு வரை ஒரு பயணம்

வேலூருக்குச் செல்லாத குடும்பம் நம்மில் அரிது. சிலர் திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலைத் தரிசிக்கச் செல்கிறோம். பலர் மருத்துவத்தின் பொருட்டுச் செல்கிறோம். 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் இடமாக வளர்ந்திருக்கிறது. சோதனைக்கு ஒரு நாள், அதன் முடிவு வர இரண்டு நாள் என்று தங்க நேர்வதும் உண்டு. அந்த இடைநாட்களைத் தங்கும் விடுதியின் நான்கு சுவர்களுக்குள் கவலையோடு கழிப்பவர்களே மிகுதி. பொற்கோயில் அன்பர்களோ காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். இரு சாராருமே வேலூரின் பழைய முகத்தைக் காண்பதில்லை.

அந்த முகத்தைக் காண ஒரு பழமொழியே வழிகாட்டும். வேலூரைப் பற்றி முன்னாளில் ஏளனமாக ஒரு சொல் வழங்கிற்று: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். இந்நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றால், இரண்டு நாட்களில் வேலூர் நமக்கு வேறோர் ஊராகத் தோன்றும். இவற்றுள் ஒன்றேனும் இன்று பொய்யாகிவிட்டது. அது எவ்வாறு பொய்யாயிற்று என்பதே நாம் முதலில் அறிய வேண்டியது.

சாமியில்லாக் கோயில்

அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டைக்குள் அருள்மிகு அகிலாண்டேஸ்வரி உடனுறை ஜலகண்டேஸ்வரர் எழுந்தருளியுள்ளார். நீர் சூழ்ந்த இடத்தில் வெளிப்பட்ட மூர்த்தி ஆதலின் இத்திருநாமம் என்பர். விஜயநகரப் பேரரசின் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த திருக்கோயில் இது. இராஜகோபுரத்தைக் கடந்ததும் இடப்புறம் உள்ள கல்யாண மண்டபத்தைக் காணக் கண் கோடி வேண்டும். முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும் தூண்தோறும் நிற்கின்றன. இம்மண்டபத்தைப் பெயர்த்துச் சீமைக்குக் கொண்டு செல்ல ஆங்கிலேயர் எண்ணினர் என்றும், அதற்காக வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது என்றும் ஊரார் சொல்வர்.

கோட்டை பல கைகள் மாறியது. பீஜப்பூர்ச் சுல்தானியர், மராட்டியர், முகலாயர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராகப் படைகள் புகுந்தன. அந்தக் கலக்கத்தில் மூலவர் கருவறையை நீங்கினார். பின்னர் வேலூரை அடுத்த சத்துவாச்சாரியில் சிவலிங்கத் திருமேனி பாதுகாக்கப்பட்டு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கோயில் படைக்கலக் கிடங்காகவும் பயன்பட்டது. பிற்காலத்தில் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. கோபுரம் நின்றது, மண்டபம் நின்றது, கருவறை மட்டும் வெறுமையாக இருந்தது. 300 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே திருவிளக்கு இல்லை, திருமஞ்சனம் இல்லை, மணியோசை இல்லை. தாத்தாவின் தாத்தாவும் அந்தக் கோயிலில் சுவாமியைக் கண்டதில்லை.

வழிபாடில்லாத நிலையில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கலாகாது என்பது தொல்லியல் துறையின் நெறி. அந்நெறிக்கும் ஒரு காரணம் உண்டு. பழமையைச் சிதைக்காமல் காப்பது அதன் கடமை. ஆனால் வேலூர் அன்பர்களின் உள்ளத்தில் வேறொரு கேள்வி இருந்தது. கோயிலும் இருக்கிறது, சுவாமியும் இருக்கிறார், இருவரும் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அது. 1981-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரர் திரும்பவும் தம் கருவறைக்கு எழுந்தருளினார். அன்று ஏற்றப்பட்ட விளக்கு இன்றும் எரிகிறது. பிரதோஷ நாட்களில் இன்று அங்கே நிற்க இடமிராது.

நம்மில் எழுபதைக் கடந்த பலருக்கு 1981 நேற்றுப் போன்றது. நம் வாழ்நாளிலேயே, ஓர் ஊரின் மீதிருந்த பழி ஒரே நாளில் நீங்கியிருக்கிறது. படையெடுப்பால் மட்டும் ஒரு கோயில் வெறிச்சோடிப் போவதில்லை. வருவோர் இல்லாமற் போனாலும் அதே நிலைதான். வருவோர் உண்டானால் அது மீண்டும் உயிர் பெறும் என்பதற்கு இச்சந்நிதியே சான்று.

அரசனில்லாக் கோட்டை

கோட்டையில் அரசன் இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு காலத்தில் இங்கிருந்து ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது, அவர் வென்ற போர்களால் அன்று. அவர் போற்றிய ஒரு மகானால். அம்மகான் அப்பய்ய தீட்சிதர். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலம் அவருடைய ஊர். அங்கே காலகண்டேஸ்வரர் திருக்கோயிலை அவர் எழுப்பினார். 1582-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயில் கல்வெட்டு அரிய செய்தியொன்றைச் சொல்கிறது. சிவார்க்கமணிதீபிகை என்னும் நூலை 500 மாணாக்கர்க்குத் தீட்சிதர் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது என்றும், சின்ன பொம்மர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்வித்தார் என்றும் அது கூறுகிறது.

2007-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஸ்ரீபுரத்தில் சுமார் 1500 கிலோ பொன் வேயப்பட்டிருக்கிறது. அதன் ஒளியைக் கண்டு வியக்கிறோம். அதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே வேலூர் அரசர் ஒருவர், கற்றறிந்த ஒருவரின் திருமேனிமீது பொன்மழை பொழிந்தார். அந்தப் பொன் நூலாக மாறியது; மாணாக்கராக மாறியது. பொற்கோயிலைத் தரிசித்துத் திரும்பும்போது இதையும் நினைப்பது தகும்.

நாடிழந்த அரசர் ஒருவரும் இக்கோட்டையில் வாழ்ந்தார். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், மதுரை நாயக்கர் வழியோடு உறவுடையவர். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1815-இல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்து, மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இங்கேயே அவர் காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நினைவிடம் உள்ளது. 1990-இல் தமிழக அரசு அதைப் புதுப்பித்து முத்து மண்டபம் எனப் பெயரிட்டது. நகரத்துக்குள்ளேயே இருந்தும் அங்கே செல்வோர் சிலரே. கடல் கடந்த மண்ணில் கண் மூடியவருக்காக ஒரு கணம் கை கூப்பிவிட்டு வரலாம்.

நீரில்லா ஆறு

கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஆந்திரம் வழியே வரும் பாலாறு, வேலூரில் பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கிறது. மழை பொய்த்தது ஒரு காரணம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மற்றொரு காரணம். அக்கழிவு குறித்து வேலூர் மாவட்டக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு முன்னோடியாயிற்று. மாசுபடுத்தியவரே அதற்குரிய பொருளைக் கொடுக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது, வயோதிகர்கள் பேரக்குழந்தைகளை அழைத்துச் சென்று ஆற்றைக் காட்டினார்கள். ஆறு தன் வழியை மறக்கவில்லை.

இந்த ஆற்றின் தென்கரையில், வேலூருக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் திருவிரிஞ்சை எனப்படும் விரிஞ்சிபுரம் இருக்கிறது. மரகதாம்பிகை உடனுறை மார்க்கபந்தீஸ்வரர் இங்கே அருள்பாலிக்கிறார். தமிழில் வழித்துணைநாதர். காஞ்சிக்கு மிளகு மூட்டைகளோடு சென்ற வணிகர் ஒருவர் கள்வருக்கு அஞ்சி இறைவனை வேண்ட, வேடன் வடிவில் உடன் வந்து காத்தமையால் இத்திருநாமம் என்பது தலவரலாறு. அப்பய்ய தீட்சிதர் அருளிய மார்க்கபந்து ஸ்தோத்திரம் இப்பெருமானுக்கு உரியதே. வெளியூர் புறப்படுமுன் அதைச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

விரிஞ்சன் என்றால் பிரமன். பிரமனே சிவசர்மன் என்னும் பாலகனாகப் பிறந்து, தந்தையின் மறைவுக்குப் பின் பூசை முறை ஏற்க வேண்டியதாயிற்றாம். சிறுவனுக்குத் திருமுடி எட்டவில்லை. இறைவன் தம் முடியைச் சாய்த்துக் கொடுத்தார். இன்றும் லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருப்பதைக் காணலாம். குனிய முடியாத முழங்காலும் நிமிர முடியாத முதுகும் உடைய நமக்கு, அடியவனுக்காகத் தாம் குனிந்த பெருமானின் தரிசனம் தனி ஆறுதல்.

திருவிரிஞ்சை மதிலழகு என்பது உலக வழக்கு. மதிலைப் பார்த்தபின் பிராகாரத்தில் உள்ள மணிகாட்டும் கல்லைத் தேடுங்கள். அரைவட்டமாக எண்கள் பொறிக்கப்பட்ட அக்கல்லின் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் எண்ணே அப்போதைய நேரம். சிங்க முகம் கொண்ட சிம்ம தீர்த்தமும் இங்கே புகழ்பெற்றது. கார்த்திகைக் கடை ஞாயிறன்று நள்ளிரவில், மகப்பேறு வேண்டும் பெண்கள் நீராடி, ஈர ஆடையோடு கோயிலில் துயில்வர். ஆறு வறண்ட ஆண்டுகளிலும் அந்த நம்பிக்கை வறண்டதில்லை.

மரமில்லா மலை

வேலூர் நகரைச் சூழ்ந்தவை பாறை மலைகள். ஆனால் தெற்கே நோக்கினால் நீலமாகத் தெரியும் ஜவ்வாது மலைக்கு அந்தப் பழிச்சொல் பொருந்தாது. சேயாறும் கமண்டல நாகநதியும் அங்கே பிறக்கின்றன. ஞானசம்பந்தர் ஆண்பனையைக் குலையீனச் செய்த திருவோத்தூர் சேயாற்றின் கரையிலும், ரேணுகாம்பாள் வீற்றிருக்கும் படவேடு கமண்டல நதியின் கரையிலும் உள்ளன. மலை தந்த நீரே தலங்களை வளர்த்தது. அபிஷேகத்துக்குச் சந்தனம் தந்ததும் இம்மலையே. அடிவாரத்துத் திருப்பத்தூருக்குச் சந்தன நகரம் என்றே பெயர்.

திருப்பத்தூரிலிருந்து ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று மலைநாடுகள். சோழர் கல்வெட்டுகளில் நாம் படிக்கும் ‘நாடு’ என்னும் பழைய ஆட்சிப் பிரிவின் பெயர் இங்கே இன்னும் பேச்சு வழக்கில் உயிரோடிருக்கிறது. இங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாகும் வரை நெல்லிவாசல்நாடும் வேலூர் மாவட்டத்தின் ஒரு பகுதியே.

இங்கே கோபுரம் இல்லை. மரத்தடியே சந்நிதி. நடுகல்லே தெய்வம். சாமை விளைந்தால் அதுவே நிவேதனம். புதிய கற்காலத்து மனிதர் வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கற்கோடரிகளைக் காட்டில் கண்டெடுத்து, மரத்தடியில் பிள்ளையாராக வைத்து வணங்கும் வழக்கம் ஜவ்வாது மலையில் உண்டு. ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் உழைத்த கருவி, இன்று ஒருவன் தொழும் தெய்வம். ஆராய்ச்சியாளர்க்கு அது தொல்பொருள். மலைமக்களுக்கு அது சாமி. இரண்டும் உண்மையே.

ஆகவே நெல்லிவாசல்நாட்டுக்குச் செல்வோர் விருந்தினராகச் செல்ல வேண்டும். மரத்தடிச் சந்நிதியிலும் காலணி கழற்றுக. ஊராரைக் கேளாமல் கல்லைத் தொடுவதும் படம் எடுப்பதும் வேண்டா. எதையும் எடுத்து வருதல் கூடவே கூடாது. தேன், புளி, சாமை ஆகியவற்றை அம்மக்களிடமே உரிய விலை கொடுத்து வாங்கினால், அது அத்தெய்வங்களுக்குச் செலுத்தும் காணிக்கையாகும்.

பயணக் குறிப்புகள்

முதல் நாள்: காலையில் ஜலகண்டேஸ்வரர், பின் முத்து மண்டபம், மாலையில் விரிஞ்சிபுரம். கோட்டைக் கோயிலும் விரிஞ்சிபுரமும் சமதரையில் இருப்பதால் முதியோர்க்கு ஏற்றவை. நண்பகலில் நடை சாத்தப்படும்; வெயிலில் கல்தரை சுடும். காலையிலும் மாலையிலும் செல்வதே நலம்.

இரண்டாம் நாள்: மலையேற உடல் இடம் தருமானால், காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலிலும், அங்கிருந்து திருப்பத்தூர் வழியாக வாடகை வண்டியிலும் நெல்லிவாசல்நாடு சென்று, பொழுது சாயுமுன் இறங்கிவிடலாம். மலைப்பாதை வளைவுகள் நிறைந்தது. மருந்து, குடிநீர், உணவு கையோடு இருக்கட்டும். மலை இயலாதவர்கள் கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் படவேடு சென்று, ஜவ்வாது மலையை அடிவாரத்திலிருந்தே வணங்கலாம்.

இன்னுமொரு நாள் கிட்டினால் கிழக்கே திருவல்லம். ஞானசம்பந்தர் பாடிய தலம். இங்கு நந்தி இறைவனை நோக்காமல் வாயிலை நோக்கிக் காவல் இருக்கிறார். அதன்பின் பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. தம் பாட்டனார் அரிஞ்சய சோழரின் நினைவாக முதலாம் இராஜராஜர் எடுப்பித்த அரிஞ்சிகை ஈஸ்வரம் அங்கே அமைதியாக நிற்கிறது. மேல்பாடிக்குச் செல்லும்போது ஒரு புட்டி நல்லெண்ணெயும் எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் இல்லாத கோயில்களுக்கு விளக்கெண்ணிக்கையில் நாம் ஒன்று கூட்டினாலும் போதும்.