மாட்டு மணியோடு விடுதிக்கு வந்த பயிற்றுநர்: எட்டி ராபின்சன் வீரர்களை உருவாக்கிய விதம்

ஒரு குழுவின் பயிற்றுநர் எப்படிப்பட்டவர் என்பதை, ஆட்டம் தொடங்கும் முன் அவர் பேசும் பேச்சை வைத்து எடைபோடுவது பலரின் வழக்கம். உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் முழங்குவதையும், ஆட்டக்காரர்கள் இரத்தம் கொதிக்கத் திடலுக்கு ஓடி வருவதையும் திரைப்படங்களில் நிறையவே பார்த்திருக்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் 408 வெற்றிகளைக் குவித்த எட்டி ராபின்சன் கையில் எடுத்ததோ ஒரு மாட்டு மணி. காலை ஆறரை மணிக்கு அதை ஆட்டிக்கொண்டே ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த விடுதியில் அறை அறையாக நடப்பார். பயிற்சிக்கு எழுப்புகிறார் என்று நினைத்தால் தவறு. எல்லாரும் எழுந்து வகுப்புக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மணி.

அமெரிக்கர்கள் காற்பந்து என்று சொல்வது நாம் இங்கே ஆடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் முரட்டு ஆட்டம் அது. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கே அங்கு அரங்கம் நிறையும். தொழில்முறைக் குழுக்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுப்பதும் கல்லூரிகளிலிருந்துதான். ஏழை வீட்டுப் பையனுக்கு, படிப்புக்கும் பிழைப்புக்கும் சேர்த்து அது ஒரு வாசல்.

ராபின்சனின் காலத்தில் கறுப்பினப் பையன்களுக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடியே கிடந்தது. அதைத் திறக்கத் தம் ஆட்டக்காரர்களை அவர் எப்படித் தயார்படுத்தினார் என்பதில்தான் அவருடைய குணமும் முறையும் விளங்கும்.

63 டாலர் 75 காசு சம்பளம்

ராபின்சன் 1919-ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் ஜேக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அடுத்தவர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைச்சலில் பங்கு பெறும் குடியானவர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். சிறு வயதில் ஓர் உயர்நிலைப்பள்ளிக் குழுவையும் அதன் பயிற்றுநரையும் பார்த்த நாளிலேயே, தாமும் பயிற்றுநராக வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

லீலண்ட் கல்லூரியில் பட்டம் முடித்தும் அந்த வேலை உடனே கிடைக்கவில்லை. கால்நடைத் தீவன ஆலையில் மணிக்கு 25 காசு கூலிக்கு வேலை செய்தார். 1941-இல், அவருக்கு 22 வயதானபோது, வட லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கென நடந்த ஒரு சிறிய கல்லூரியின் தலைவர் ரால்ப் ஜோன்ஸ் அவரைப் பயிற்றுநராக அமர்த்தினார். மாதச் சம்பளம் 63 டாலர் 75 காசு. பின்னாளில் கிராம்பிளிங் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற கல்லூரி அதுதான்.

பதவியின் பெயர் பயிற்றுநர். வேலையோ எல்லா வேலையும். திடலின் புல்லை அவரே வெட்டினார். வெள்ளைக் கோடுகளை அவரே போட்டார். ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளுக்குச் செய்தி எழுதி அனுப்பினார். வெளியூர் போகும்போது வழியில் உள்ள உணவகங்கள் கறுப்பினத்தவரை உள்ளே விடமாட்டா. அதனால் புறப்படும் முன் குழு முழுவதற்கும் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொள்வார்.

முதல் ஆண்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறு ஆண்டில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை.

தங்களுக்குக் கோடு போட்டு, கட்டுப் போட்டு, சாப்பாடும் கட்டித்தரும் மனிதர் 'இன்னும் ஒருமுறை ஓடு' என்றால் எந்தப் பையனும் ஓடுவான். ராபின்சனின் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு அங்கிருந்து தொடங்கியது.

பருத்திக் காட்டில் இறங்கிய குழு

இரண்டாம் உலகப் போரின்போது கல்லூரியில் இரண்டு பருவங்கள் ஆட்டம் நின்றுபோனது. அந்த நாள்களில் அவர் உள்ளூர் உயர்நிலைப்பள்ளிக் குழுவைப் பயிற்றுவித்தார். பருத்தி வெடித்து நின்ற நேரம். குழுவின் முக்கியமான பையன்கள் சிலரை, பருத்தி எடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்.

ராபின்சன் அந்தத் தந்தையிடம் வாதாடவில்லை. குழு முழுவதையும் அழைத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போனார். எல்லாரும் சேர்ந்து பருத்தி எடுத்தார்கள். வேலை முடிந்தது, பையன்களும் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். அந்தக் குழு வெற்றிக் குழுவானது.

குடியானவர் வீட்டுப் பிள்ளையான அவருக்கு, அந்தத் தந்தை ஆட்டத்தின் எதிரி அல்லர் என்பது புரிந்திருந்தது. கையில் வேலை கிடக்கும்போது வீட்டுக்காரர் பிள்ளையை விளையாட அனுப்ப முடியாது. 'உன் மகனுக்குத் திறமை இருக்கிறது' என்று புகழ்வதைவிட, அவருடைய சுமையை இறக்கி வைப்பதுதான் அங்கு வேலை செய்யும்.

வகுப்பு, உணவு மேசை, கழுத்துப்பட்டை

கிராம்பிளிங்கில் அவருடைய விதிகள் திடலோடு நிற்கவில்லை. வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது. வெளியூர்ப் பயணத்தில் மேற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிய வேண்டும். உணவு மேசையில் எப்படி உட்காருவது, பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். கிராமங்களிலிருந்து முதன்முறையாக வெளியே வந்த பையன்கள், பெரிய நகரத்தில் நான்கு பேர் முன்னால் கூசி நிற்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

அவரிடம் ஆடியவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பட்டம் பெற்றதாகக் குறிப்பிடப்படுகிறது. 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறைக் குழுக்களில் இடம் பெற்றார்கள். இரண்டாவது எண்ணைத்தான் உலகம் அதிகம் பேசுகிறது. விடுதியில் ஒலித்த மணியோ முதல் எண்ணுக்கானது.

ஓர் ஆட்டக்காரனை, நாளை உங்கள் மகளை மணந்து வீட்டுக்கு மருமகனாக வரப்போகிறவன் என்று நினைத்துப் பயிற்றுவியுங்கள் என்பது மற்ற பயிற்றுநர்களுக்கு அவர் அடிக்கடி சொன்ன அறிவுரை. மருமகனாக வருபவன் பந்தை எவ்வளவு தூரம் எறிவான் என்று எந்தத் தகப்பனும் பார்ப்பதில்லை. ஒழுங்கானவனா, படித்தவனா, சொன்ன சொல்லைக் காப்பவனா என்றே பார்ப்பார்.

இதனால் அவர் பயிற்சியில் தளர்வு காட்டினார் என்று எண்ண வேண்டாம். ஒரு நகர்வு சரியாக வரும்வரை அதையே திரும்பத் திரும்ப ஆடவிடுவார். பலவகை உத்திகளை மேலோட்டமாக அறிவதைவிட, சிலவற்றைப் பிசகின்றிச் செய்வதே மேல் என்று நம்பினார். கண்டிப்பும் பரிவும் ஒரே ஆளிடமிருந்து வந்ததால், கண்டிப்பை யாரும் பகையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னால் நிற்கும் வரிசை

1949-இல் டேங்க் யங்கர் என்ற கிராம்பிளிங் ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் குழு அழைத்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அமெரிக்கத் தேசியக் காற்பந்து லீக்கில் நுழைந்த முதல் ஆட்டக்காரர் அவர்.

புறப்படும் முன் ராபின்சன் அவரிடம் சொன்னதன் சாரம் இது: நீ தோற்றால் அடுத்தவனுக்கு எப்போது வாய்ப்பு வரும் என்று சொல்ல முடியாது. 'உங்களிடம் இருந்ததிலேயே சிறந்தவனை எடுத்துப் பார்த்தோம், அவனாலேயே முடியவில்லை' என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞன் மீது வைக்கக்கூடிய சுமைதானா இது என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சுமை ராபின்சன் கற்பனை செய்தது அல்ல. நிலைமை அப்படித்தான் இருந்தது. அதை மறைக்காமல் சொன்னார். யங்கர் பத்துப் பருவங்கள் ஆடினார். அவருக்குப் பிறகு வரிசை நகர்ந்தது. 1963-இல் பக் பியூக்கனன், அமெரிக்கக் காற்பந்து லீக்கின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வானார். அவரும் கிராம்பிளிங் பிள்ளையே.

மூளை வேண்டிய இடம்

அப்போதும் ஒரு கதவு திறக்கவில்லை. குவார்ட்டர்பேக் என்ற இடம் அது. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கிவைப்பவர் அவர்தான். எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, சில நொடிகளில் முடிவெடுத்துப் பந்தை எறிய வேண்டும். கறுப்பினத்தவருக்கு ஓட்டமும் பலமும் உண்டு, தலைமை தாங்கும் அறிவு போதாது என்று பல வெள்ளையர்கள் கருதிய காலம். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய கறுப்பின இளைஞர்களைத் தொழில்முறைக் குழுக்கள் வேறு இடங்களுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற இளைஞரை அந்த இடத்துக்கென்றே ராபின்சன் தயார்படுத்தினார். இடம் மாறச் சொன்னால் மறுக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். 1969 தேர்வில் ஹாரிஸ் எட்டாவது சுற்றுவரை காக்க வைக்கப்பட்டார். மனம் உடைந்து, ஆட்டமே வேண்டாம் என்றுகூட யோசித்தார்.

அப்போது ராபின்சன் சொன்னதை ஹாரிஸ் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். போவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். ஆனால் போனால், கறுப்பன் என்பதால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பி வராதே என்பதுதான் அந்தப் பேச்சு. அவ்வாண்டே பஃபலோ பில்ஸ் குழுவின் முதல் ஆட்டத்தில் ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார்.

நிறவெறி இல்லை என்று ராபின்சன் சொல்லவில்லை. அதன் கொடுமையை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அது இருக்கிறது என்று தெரிந்தே, அதற்கு மேலும் ஆயத்தமாகப் போ என்றார். அடக்குமுறைக்கு எதிராகத் தெருவில் இறங்கிய தலைமுறையில் சிலருக்கு இந்தப் போக்கு பொறுமை மிகுந்ததாகத் தோன்றியது. தம் போராட்டம் திடலிலும் வகுப்பறையிலும் நடப்பதாகவே அவர் கருதினார்.

அதன் பலன் 1988 ஜனவரி 31-இல் உலகத்துக்குத் தெரிந்தது. சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் குழு டென்வரை 42-10 என வென்றது. ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதியில் மட்டும் நான்கு முறை எல்லைக்குள் பந்தை எறிந்து கொடுத்து, சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர் டக் வில்லியம்ஸ். சூப்பர் பவுலில் குழுவைத் தொடக்கம் முதல் வழிநடத்திய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். அவரும் ராபின்சனிடம் வளர்ந்தவர்தான்.

திறந்த கதவும் குறைந்த வெற்றியும்

1985 அக்டோபர் 5-இல் ராபின்சன் தம் 324-ஆவது வெற்றியைப் பெற்றார். அலபாமா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் பேர் பிரையன்டின் 323 வெற்றிகள் என்ற சாதனை அன்று முறிந்தது. 1995-இல் அவர் 400 வெற்றிகளை எட்டினார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. முன்பு கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத பெரிய பல்கலைக்கழகங்கள் இப்போது அவர்களைத் தேடிவந்து அழைத்தன. பணமும் வசதியும் அங்கேதான் இருந்தன. எந்தக் கதவுக்காக ராபின்சன் உழைத்தாரோ அது திறந்தபோது, சிறந்த பையன்கள் அதன் வழியே வேறு இடங்களுக்குப் போனார்கள். கிராம்பிளிங்கின் பலம் குறைந்தது.

கடைசி இரண்டு பருவங்களில், அதாவது 1996-இலும் 1997-இலும், குழு தலா மூன்று ஆட்டங்களில்தான் வென்றது. அவர் விலக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இவ்வளவு பெரியவரை இப்படி அனுப்புவதா என்று பொதுமக்கள் கொதித்தார்கள். இன்னும் ஓர் ஆண்டு கொடுக்கப்பட்டு, 1997 முடிவில் அவர் ஓய்வு பெற்றார். முன்பே விலகியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. 57 ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தவருக்கு எழுந்துபோவது எளிதாக இருந்திருக்காது.

அவர் இருந்த இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். ராபின்சன் 2007 ஏப்ரல் 3-ஆம் தேதி, 88-ஆவது வயதில் காலமானார்.

பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும்

மொத்தக் கணக்கு 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. ஓய்வு பெற்ற நாளில் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் அவரைவிட அதிகம் வென்றவர் யாரும் இல்லை. பின்னர் அந்த எண்ணிக்கையை மற்றவர்கள் கடந்துவிட்டார்கள். சாதனைகள் என்றால் முறியடிக்கப்படுபவைதானே.

அவருடைய முறையைப் பார்த்தால் அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. பையனின் வீட்டு நிலைமையைத் தெரிந்துகொள்வது, படிப்பை ஆட்டத்துக்கு முன்னால் வைப்பது, உலகம் நியாயமாக நடக்காது என்பதை மறைக்காமல் சொல்வது, அதைச் சாக்காகச் சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பது, தன்னால் முடிந்த வேலையைத் தானே முதலில் செய்வது. இவற்றில் எதற்கும் பெரிய அரங்கமோ பெரும் பணமோ தேவையில்லை. மாலை வேளைகளில் பள்ளித் திடலில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஆசிரியராலும் முடியும்.

ஆனால் ஒரு நாள் பேச்சால் முடிகிற காரியமும் அல்ல. ஆறரை மணிக்கு மணி அடிக்க வேண்டும் என்றால், அடிப்பவர் அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும்.