மல்லர் தாராசிங்: கோதாவிலும் அதற்குப் பின்னும்



உடல் வலிமை இறைவன் அளித்த செல்வம். ஆயினும் அச்செல்வம் நெடுநாள் நில்லாது. இளமை தேய்ந்தபின் மல்லன் ஒருவன் என்ன ஆவான்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது தாராசிங்கின் வாழ்க்கை. நம் நாட்டு முதியோர் பலரும் அறிந்த பெயர் அது.

தாராசிங் 1928ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பஞ்சாபின் அமிர்தசரசு மாவட்டத்துத் தர்முசக் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். நம் முன்னோர் கடல் கடந்து வந்ததும் பிழைப்புக்காகத்தானே? அங்கே டிரம் செய்யும் ஆலையொன்றில் அவர் தொழிலாளியாய் உழைத்தார். அவருடைய உடற்கட்டைக் கண்டவர்கள் மற்போர் பயிலத் தூண்டினர். கிரேட் வேர்ல்டு பொழுதுபோக்குத் திடலில் ஹர்னாம் சிங் என்பார் அவருக்குக் குருவாய் அமைந்தார். இன்று அவ்விடத்தில் பேரங்காடி ஒன்று நிற்கிறது.

குஸ்தி எனப்படும் இந்திய மற்போர், பதப்படுத்திய மண் நிரப்பிய கோதாவில் நடப்பது. எதிரியின் இரு தோள்களையும் மண்ணில் பதியச் செய்பவரே வென்றவர். அதற்கெனத் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய பயிற்சிகளை நாள்தோறும் செய்தல் வேண்டும். பாலும் நெய்யும் பாதாமும் மல்லர்களின் உணவில் சிறப்பிடம் பெறுவன. தாராசிங் புகழடைந்ததோ, கயிறு கட்டிய மேடையில் மக்கள் சீட்டு வாங்கிக் கண்டுகளித்த மல்யுத்தத்தில் ஆகும்.

கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வீரர் பட்டத்தைப் பெற்றார். ஏறத்தாழ 130 கிலோ எடையுள்ள அவர், 200 கிலோ எடையுள்ள கிங்காங்குடன் மோதிய காட்சிகளை மக்கள் நெடுங்காலம் வியந்து பேசினர். 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் வீரரானார். 1968ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலக வீரர் எனப் போற்றப்பட்டார்.

இனி, சப்பானிய நாட்டைச் சற்று நோக்குவோம். அங்கே சூமோ என்னும் மற்போரில், 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைவிட்டு வெளியேறுபவரோ, உள்ளங்கால் தவிர உடலின் பிற பகுதி தரையில் படப்பெறுபவரோ தோற்றவராவார். பல நூறு மல்லர்களுள் மேல்நிலையில் உள்ள ஏறத்தாழ 70 பேருக்கே மாதச் சம்பளம் உண்டு. புகழ்பெற்ற மல்லர் ஓய்வு பெறும்போது, அவருடைய குடுமியைச் சடங்காகக் கத்தரிப்பர். பின்னர் மூத்தோராய் அமர்ந்து இளைஞரைப் பயிற்றுவிக்கும் இடங்கள் 105 மட்டுமே. 31 முறை வெற்றிக் கிண்ணம் வென்ற சியோனோபுஜி 1991இல் ஓய்வு பெற்று, 2016இல் மறையும்வரை பயிற்றுநராய்ப் பணியாற்றினார். அத்தகைய இடம் கிட்டாதவர்கள் வேறு தொழில் தேடிக்கொள்ளல் வேண்டும்.

தாராசிங்குக்கோ அத்தகைய இடம் எதுவும் காத்திருக்கவில்லை. ஆயினும் உடல் வலிமை குன்றும்வரை அவர் வாளாவிருக்கவில்லை. கோதாவில் இருந்தபோதே திரைப்படத் தொழிலைக் கற்றார். 1962இல் 'கிங்காங்' என்னும் இந்திப் படத்தில் கதைத் தலைவனாய் நடித்தார். பஞ்சாபின் மொகாலியில் படப்பிடிப்பு நிலையமும் நிறுவினார். 1983இல் மற்போரிலிருந்து விடைபெற்றார். 1987இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாய்த் தோன்றியபோது, அவருக்கு வயது 58! அவர் மற்போர் புரிந்ததைக் கண்டிராத குழந்தைகளும் அவரைக் கைகூப்பி வணங்கினர். 2003 முதல் 2009 வரை இந்திய நாடாளுமன்ற மேலவையில் நியமன உறுப்பினராய் வீற்றிருந்தார். விளையாட்டு வீரர் ஒருவர் அவ்வாறு நியமிக்கப்பெற்றது அதுவே முதன்முறை. 2012ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் மும்பையில் 83ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே! தோட்டத்தில் மரம் சீவுவோரும் பழக்குலை சுமப்போரும் உடலையே முதலாக வைத்து வாழ்பவர்கள். முதுகும் முழங்காலும் தளரும் நாள் எல்லார்க்கும் வரும். அந்நாள் வருமுன் மற்றொரு தொழிலைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை. மாணவர்களே! திடலில் ஓடுங்கள், சிலம்பம் சுழற்றுங்கள், உடலை உறுதியாக்குங்கள். மாலையில் விளக்கேற்றியதும் புத்தகத்தையும் கையில் எடுங்கள். கை தளர்ந்த காலத்திலும் கற்ற தொழில் சோறு போடும்.