நாவலர் வீதிக் கடவை

யாழ்ப்பாண நகரிலே, காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை நாவலர் வீதியைக் குறுக்கறுக்கும் இடத்தை நேயர்களிற் பலர் அறிவர். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய கோச்சி, 1905இற் கொழும்புடன் இணைந்தது. நாம் பாடசாலைக்குப் பிந்திச் சென்ற நாட்களில், "கேற் பூட்டிப் போட்டாங்கள், சேர்" என்பதே எமது நிரந்தர விடை. பூட்டாத நாட்களிலும் அதுவே விடை என்பதை இன்று ஒப்புக்கொள்வதிற் குற்றமில்லை.

1990 ஜூன் மாதம் யாழ்தேவி நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை கிடந்த நிலத்தில் எருக்கலை முளைத்தது, குடிசைகள் எழுந்தன. கடவை வெறும் தெருவாயிற்று. எம் அயலில் வசித்த முதியவர் ஒருவர் மாத்திரம் அவ்விடம் வந்ததும் சைக்கிளை விட்டிறங்கி, இருபுறமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடப்பார். "அப்பு, கோச்சி வருகுதோ?" என்று கேட்டு, இளைஞராகிய நாம் நகைப்போம். அவர் மறுமொழி கூறார்.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி, இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். ஆனால் அது வந்து சேர்ந்தது பழைய பட்டினத்துக்கு அன்று. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகி, எவரும் எங்கும் நில்லாது விரையும் நகரத்துக்கு. மகிழ்ச்சியின் பின்னே, காவலற்ற கடவைகளில் நிகழ்ந்த மரணச் செய்திகளும் வந்தன.

அந்த மாரியில், எம்மிடம் பௌதிகவியல் பயின்ற மாணவன் ஒருவன், படலையில்லாத ஒழுங்கைக் கடவையொன்றில் மயிரிழையில் உயிர் தப்பினான். சைக்கிளின் பின்சில்லு நசுங்கிப் போயிற்று. கடிந்து கேட்டோம்.

"அதிலை பாக்கவேணும் எண்டு ஒருதரும் சொல்லேல்லை, சேர்" என்றான்.

உந்தத்தின் வரைவிலக்கணத்தை அவன் பிழையாது சொல்வான். விரைந்து வரும் புகையிரதம் தடுப்பை இட்ட பின்னும் பல நூறு மீற்றர் சென்றே நிற்கும் என்பதைக் கணித்தும் காட்டுவான். அவற்றையெல்லாம் கற்பித்தவர் நாமே. ஆயினும் அவன் பிறந்தது தண்டவாளம் இல்லாத ஊரிலே. நின்று பார்க்கும் பழக்கம் தாயின் கைபிடித்துக் கடக்கும்போது வருவது. அந்தக் கை அவனுக்கு அவ்விடத்தில் ஒருநாளும் இறுகியதில்லை.

மறுநாள் வகுப்பு முழுவதையும் அழைத்துக்கொண்டு நாவலர் வீதிக் கடவைக்குச் சென்று, ஓரமாக நிறுத்தினோம். புகையிரதம் கடந்தது. காலடியில் நிலம் அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. கடைசிப் பெட்டி மறைந்து படலை திறந்த பின்னரும் அந்த மாணவன் மாத்திரம் நகராது, இருபுறமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.