அணு என்றதும் அஞ்ச வேண்டாம்



சென்ற மாதம் பெண்கள் வார்டில் நோயாளிகளைச் சந்தித்து வந்தபோது, முதுகுத்தண்டு ஸ்கேனுக்காக நகரத்துக்கு அனுப்பப்படவிருந்த ஒரு தாயார் எங்களை நிறுத்தினார். "ஐயரே, அது அணு மெஷினாமே? உள்ளே போயிட்டு வந்தா உடம்பு கெட்டுப்போகும்னு எங்க ஊர்ப் பையன் சொல்றான்" என்றார். "ஒன்றும் ஆகாதம்மா" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டோம். அது பதிலே அல்ல என்று அன்றிரவு மனம் உறுத்தியது. நாங்கள் படித்தது வேதசாஸ்திரம், பௌதிகம் அல்ல. ஆகவே எங்கள் மருத்துவர்களிடம் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அந்தப் பையன் சொன்னது முற்றிலும் கற்பனையல்ல. எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் பழைய பெயரில் 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தது. நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ், சுருக்கமாக என்.எம்.ஆர்.; தமிழில் அணுக்கருக் காந்த ஒத்திசைவு. நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்பதால் மருத்துவ உலகம் 1980-களில் அந்த முதற்சொல்லை விட்டுவிட்டது. வேதியியல் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பழைய பெயரே. இதில் அணுவைப் பிளப்பது இல்லை. எக்ஸ்ரே போன்ற கதிரும் இல்லை. பலமான ஒரு காந்தமும் வானொலி அலையும்தான் வேலை செய்கின்றன.

நம் உடலிலுள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு மிகச் சிறிய காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால், வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவதுபோல் அது தலையாட்டும். காந்தப் புலம் 1 டெஸ்லா என்றால் வினாடிக்குச் சுமார் 4 கோடியே 26 லட்சம் முறை. அதே வேகத்தில் துடிக்கும் வானொலி அலையை அனுப்பினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் கரு அந்த ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது. அலையை நிறுத்தியதும் மெல்லிய ஒரு சைகையைத் திருப்பித் தருகிறது. அதைத்தான் கருவி கேட்கிறது.

1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழுவினர் பாராஃபின் மெழுகிலும், சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபீலிக்ஸ் பிளாக் குழுவினர் தண்ணீரிலும் இந்தச் சைகையைக் கண்டார்கள். இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் வாசற்படியில் கிடந்த பனியைக்கூடப் புதிய கண்களோடு பார்த்ததாகப் பர்செல் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பௌதிகர்கள் எதிர்பார்த்தது ஒரு கருவுக்கு ஒரே எண். ஆனால் ஒரே வகைக் கரு, ஒரே காந்தத்தில், வெவ்வேறு இடங்களில் சைகை காட்டியது. முதலில் இது தொல்லையாகத் தோன்றியது. காரணம் என்னவென்றால், கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப் புலத்தைச் சற்றே மறைக்கின்றன. அந்த மறைப்பு அக்கம்பக்கத்து அணுக்களுக்கேற்ப மாறுகிறது. வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பங்குதான். 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் சாதாரண எத்தில் ஆல்கஹாலைச் சோதித்தபோது மூன்று தனித்தனி முகடுகள் தெரிந்தன. அந்த மூலக்கூறில் ஹைட்ரஜன் மூன்று விதமாக அமர்ந்திருக்கிறது. அக்கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் நம் நாட்டவரான தர்மட்டி. பின்பு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவரும் அவரே. இவ்வாறு ஒரு பொருளை உடைக்காமல், அதன் அணுக்கள் யாருக்குப் பக்கத்தில் யார் என்று சொல்லும் முறைக்கே நிறமாலையியல் என்று பெயர்.

இதனால் மருத்துவமனைக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எங்கள் டயாலிசிஸ் மருத்துவர் அலமாரியைத் திறந்து ஒரு ஹெபாரின் குப்பியைக் கையில் கொடுத்தார். இரத்தம் குழாயில் உறையாமலிருக்க டயாலிசிஸில் போடும் மருந்து அது. பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது.

2007-இன் இறுதியிலும் 2008-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், டயாலிசிஸ் தொடங்கிய சில நிமிடங்களில் பிள்ளைகளுக்கு முகம் வீங்கியது, இரத்த அழுத்தம் சரிந்தது. வேறு இடங்களிலும் அப்படியே நடந்து, பலர் இறந்தனர். சந்தேகம் ஹெபாரின்மேல் விழுந்தது. ஆனால் வழக்கமான சோதனைகளிலெல்லாம் மருந்து தேறிவிட்டது! உள்ளே கலந்திருந்தது விலங்குக் குருத்தெலும்பிலிருந்து எடுத்து, ரசாயன முறையில் மாற்றப்பட்ட மலிவான காண்ட்ராய்டின் சல்ஃபேட். அது ஹெபாரின் போலவே உருவமைப்புக் கொண்டது. ஓரளவு இரத்தம் உறைவதையும் தடுக்கும். எனவே உறைதல் சோதனை ஏமாந்துபோனது.

என்.எம்.ஆர். ஏமாறவில்லை. ஹெபாரின் பத்து லட்சத்தில் 2.04 என்ற இடத்தில் ஒரு முகடு காட்டும். கெட்ட மருந்தில் அதன் பக்கத்தில், 2.15-க்கு அருகில், இருக்கக்கூடாத இன்னொரு சிறு முகடு நின்றது. ஓர் அற்ப இடைவெளிதான்! அந்தத் தடத்தைப் பிடித்தே 2008 மார்ச்சில் கலப்படத்தின் அடையாளம் வெளியிடப்பட்டது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் அதே கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் அமெரிக்க மருந்துத் தர நூலில் ஹெபாரினுக்கு என்.எம்.ஆர். சோதனை சேர்க்கப்பட்டது. கையிலிருந்த குப்பியை அலமாரியில் திரும்ப வைக்கும்போது எங்கள் விரல் சற்று நடுங்கியது உண்மை.

பிற பயன்களும் பல. ஸ்விட்சர்லாந்தின் கர்ட் வியூத்ரிக், கரைசலில் மிதக்கும் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தை இம்முறையால் கண்டறிந்து 2002-இல் நோபல் பெற்றார். ஐரோப்பாவில் திராட்சரசத்தில் பீட்ரூட் சர்க்கரை கலந்து புளிக்கவைத்தால், கன ஹைட்ரஜனின் அளவைக்கொண்டு கண்டுபிடித்துவிடுகிறார்கள். (எங்கள் திருவிருந்து ரசம் உலர்திராட்சையை ஊறவைத்து சிஸ்டர்களே தயாரிப்பது, அதை எவரும் சோதிக்கக் கேட்டதில்லை.) 1973-இல் பால் லாட்டர்பர், காந்தப் புலம் இடத்துக்கு இடம் மாறும்படி செய்து, இரண்டு சிறு தண்ணீர்க் குழாய்களின் படத்தை இந்தச் சைகையிலிருந்தே வரைந்தார். எம்.ஆர்.ஐ. அங்கிருந்து பிறந்தது.

ஸ்கேனில் உண்மையான ஆபத்து காந்தத்தின் பலம்தான். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், கண்ணில் இரும்புத் துகள் உள்ளவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நகை, கொண்டை ஊசி, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே இருக்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்துகொண்டு அந்தத் தாயாரிடம் திரும்பிப் போனோம். பம்பரத்தையும் ஊஞ்சலையும் பொறுமையாகக் கேட்டார். அணுவைப் பற்றிய பயம் அதன்பின் இருந்ததாகத் தெரியவில்லை. தாலியைக் கழற்றத்தான் மனம் வரவில்லை. அவருடைய மகள் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்து கட்டிவிட்டாள். தங்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை இருவரும் ஆறரை மணிப் பேருந்தில் நகரத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள்.